தோல் நகரங்களின் சாலையில் ஸ்கூட்டர்

ஸ்கூட்டரில் சொகுசு, வசதி என்று பேசப்படுவதெல்லாம் இடத்தைப் பங்கு போடும் கணக்குதான். முன் சக்கரத்தின் அச்சுக்கும் பின் சக்கரத்தின் அச்சுக்கும் நடுவே சுமார் ஒன்றேகால் மீட்டர் இருக்கும். அதற்குள் எஞ்சின், பெட்ரோல் டேங்க், ஓட்டுபவரின் கால், பின்னால் உட்காருபவரின் கால், கொண்டுபோக வேண்டிய சாமான் என்று எல்லாவற்றுக்கும் இடம் தேட வேண்டும். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். வெஸ்பாவிலிருந்து இன்றைய மின்சார வண்டி வரை வந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால், புதிய வசதி ஒன்று சேர்ந்தபோதெல்லாம் பழைய வசதி ஒன்று பெரும்பாலும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது தெரியும்.

இந்தக் கணக்கை வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் பாலாற்றை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கோத்தாற்போல் அமைந்தவை. பேரணாம்பட்டு மட்டும் சாலையை விட்டுச் சற்று விலகி நிற்கிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 46 என்றும் இப்போது 48 என்றும் எண்ணிடப்பட்ட இந்தச் சாலையில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். தோல் பதனிடும் டேனரி ஓர் ஊரில், ஷூ கம்பெனி இன்னோர் ஊரில், ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் ஜாப் ஒர்க் வேறோர் ஊரில் என்று தொழில் பரந்து கிடப்பதால், இங்கே ஸ்கூட்டர் சந்துக்குள் போகும் வண்டியாகவும் நெடுஞ்சாலை வண்டியாகவும் ஒரே நாளில் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருந்தது. நகரத்துக்கென்றே வடிவமைத்த வண்டியை இப்படி ஊர்விட்டு ஊர் ஓட்டும்போதுதான் எது வசதி, எது அலங்காரம் என்பது பிரிந்து தெரிகிறது.

தொடக்கத்தில் இருந்தவை இரண்டு இத்தாலிய வடிவங்கள். விமானப் பொறியாளரான கொராடினோ தஸ்கானியோ வரைந்த வெஸ்பா 1946-இல் வந்தது. மிலான் நகரின் இன்னொசெந்தி நிறுவனம் லாம்பிரெட்டாவை அதற்கு அடுத்த ஆண்டு கொண்டுவந்தது. தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது என்பார்கள். உடையில் எண்ணெய் படக்கூடாது, காலைத் தூக்கிப் போட்டு ஏறக்கூடாது, பஞ்சரானால் சக்கரத்தைச் சட்டென்று கழற்ற வேண்டும் என்பவை அவர் தீர்க்க நினைத்த சிக்கல்கள். அதனால் எஞ்சினைப் பின் சக்கரத்தின் பக்கத்தில் வலப்புறமாக ஒதுக்கி, காலுக்கு முன்னால் தகட்டை மறைப்பாக நிறுத்தினார்; முன் சக்கரத்தை ஒரு பக்கக் கையில் மட்டும் மாட்டினார். பஞ்சரானால் சில நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டுவிடலாம். லாம்பிரெட்டாவோ எஞ்சினை வண்டியின் நடுக்கோட்டில் வைத்தது. எடை ஒரு பக்கம் சாயாததாலும் வண்டி சற்று நீளமாக இருந்ததாலும் நேர்சாலையில் அது நிதானமாக ஓடியது. வெஸ்பாவில் கைக்கு எட்டும் எளிமை, லாம்பிரெட்டாவில் ஓட்ட நிதானம் என்ற இந்தப் பிரிவினைதான் பின்னால் வந்த எல்லா ஒப்பீடுகளுக்கும் அடிப்படை.

இந்தியாவில் லாம்பிரெட்டாவை 1950-களில் பம்பாயின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் பூட்டி விற்றது. வெஸ்பாவைச் செய்யும் உரிமம் பஜாஜிடம் போனது. பஜாஜ் 150 வண்டிக்கு எட்டு அங்குலச் சக்கரம், லாம்பிரெட்டாவின் எல்ஐ வகைக்குப் பத்து அங்குலம். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றலாம். சக்கரம் சிறிதாக இருக்க இருக்க அது பள்ளத்தின் விளிம்பில் ஏறாமல் பள்ளத்துக்குள்ளேயே இறங்கும். அந்தக் குலுக்கல் நேராக முதுகெலும்புக்குப் போகும். எட்டு அங்குலச் சக்கரத்தில் ஐம்பது கிலோமீட்டர் போய் இறங்குகிறவருக்கு அந்த இரண்டு அங்குலத்தின் விலை தெரியும்.

நெடுந்தூரத்துக்கென்றே ஸ்கூட்டர் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானம் கட்டத் தடை விதிக்கப்பட்ட ஹைங்கல் நிறுவனம் 1953-இல் ‘டூரிஸ்ட்’ என்ற நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை விற்கத் தொடங்கியது. மைக்கோ நிறுவனத்தின் ‘மைக்கோலெட்டா’ 1955-இல் 250 சிசி அளவை எட்டிப் பிடித்தது. கனமான உடல், அகல இருக்கை, பெரிய எஞ்சின் என்று கூட்டம் கூட்டமாக ஆல்ப்ஸ் மலை ஏறிய வண்டிகள் இவை. இந்த வகை இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மிக நெருங்கிய ஒன்று சென்னையிலேயே தயாரானது.

அதன் பெயர் ‘ஃபேன்டாபுலஸ்’. புல்லட் செய்துவந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த இந்த ஸ்கூட்டருக்கு 175 சிசி வகை வில்லியர்ஸ் எஞ்சின். பெரிய உடம்பு, கனமான நடை. அதைவிட முக்கியமானது, உதைக்காமலே கிளம்பும் செல்ஃப் ஸ்டார்ட். ஜெர்மனியின் சீபா நிறுவனம் செய்த ‘டைனாஸ்டார்ட்’ என்ற கருவி அதில் இருந்தது. ஒரே கருவி கிராங்க் தண்டோடு நேராக இணைந்து, கிளப்பும்போது மோட்டாராகவும் ஓடும்போது டைனமோவாகவும் வேலை பார்க்கும். பல்சக்கரம் மோதும் கரகரப்பு கிடையாது. வண்டி விற்பனையில் நிலைக்கவில்லை. அந்த வேலைப்பாடும் அதோடு மறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் வந்த ஹோண்டா ஆக்டிவா 6ஜி ‘சத்தமில்லாத ஸ்டார்ட்டர்’ என்று விளம்பரப்படுத்தியதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். சென்னையின் திருவொற்றியூரில் செய்து கைவிட்ட ஒன்றைத் திரும்ப வாங்க இந்திய ஸ்கூட்டருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பஜாஜுக்கும் வெஸ்பாவின் தாய் நிறுவனமான பியாஜியோவுக்கும் இருந்த ஒப்பந்தம் 1971-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த சேத்தக் அதன்பின் ஒரு தலைமுறைக்கே ஸ்கூட்டர் என்ற சொல்லின் பொருளாயிற்று. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில், சில காலங்களில் பத்தாண்டு வரைகூட, காத்திருக்க வேண்டியிருந்த வண்டி அது. வாங்குபவர் வசதிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே அப்போது இடமில்லை, கிடைத்ததுதான் வண்டி. அப்படியிருந்தும் சேத்தக்கின் அமைப்பில் குடும்பத்துக்கான கணக்கு நன்றாகவே போடப்பட்டிருந்தது. பத்து அங்குலச் சக்கரம், இடப்புற பானெட்டில் பூட்டோடு கூடிய டிக்கி, பின்னால் ஸ்டெப்னி, முன்னால் குழந்தை நிற்க இடம். கியர் இடக்கைப்பிடியைத் திருகிப் போடுவது, பின் பிரேக் வலக்காலில். எஞ்சினின் எடை வலப்பக்கம் இழுக்கும். குளிரெடுத்த காலையில் கிளம்பாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைப்பது அக்காலத்துத் தெருக்களில் அன்றாடக் காட்சி. பெட்ரோலோடு ஆயிலை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். ப்ளக்கில் கரி பிடித்தால் கழற்றித் தேய்க்க வேண்டும். ஸ்பேனரும் மாற்று ப்ளக்கும் டிக்கியில் நிரந்தரக் குடியிருப்பு.

லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் இன்னொசெந்தியின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கி வந்து விஜய் சூப்பர் செய்தது. கான்பூரின் எல்எம்எல் 1980-களில் பியாஜியோவோடு கைகோத்து புதிய வெஸ்பாவைக் கொண்டுவந்தபோது, ஸ்டெப்னி இடப்புறத் தகட்டுக்குள் மறைந்தது. சாமான் பெட்டி முன்புறத் தகட்டுக்குப் பின்னால் வந்தது. ஸ்டெப்னியின் எடை வலப்புற எஞ்சினுக்கு ஈடு கொடுத்தது. அந்தப் பெட்டிக்கு வந்த இடத்தை ஓட்டுபவரின் முழங்காலிலிருந்து எடுத்தார்கள். உயரமானவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

பின்னால் உட்காருபவர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. சேலை உடுத்திய பெண் ஒருக்களித்து உட்காருவது இத்தாலியரின் வரைபடத்தில் இல்லாத சங்கதி. ஆனால் பின் சக்கரம் முழுக்கத் தகட்டுக்குள் இருந்ததால் முந்தானை சிக்கும் ஆபத்து ஸ்கூட்டரில் இயல்பாகவே குறைவு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இரு சக்கர வண்டிகளில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்று சொல்கின்றன. மோட்டார் சைக்கிள்கள் இதற்காகக் கம்பி வலை மாட்டிக்கொண்டன. ஸ்கூட்டருக்கு இடப்புறம் ஒரு கால்பலகை போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக ஸ்கூட்டரே ஏற்றது என்று பெயர் வந்ததில் இந்தத் தகட்டின் பங்கு சிறிதல்ல.

இருக்கை எதனால் ஆனது என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் எழாமல் இருக்காது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு வகிக்கும் ஊர்களில் ஓடிய ஸ்கூட்டர்களில் ஒன்றின் இருக்கைகூடத் தோல் அல்ல, எல்லாம் ரெக்சின். காரணம் தொழில் தெரிந்தவர்களுக்கு எளிது. வெயிலிலும் மழையிலும் நாள் முழுதும் நிற்கும் இருக்கைக்குத் தோல் சரிப்படாது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, உள்ளே ஏற்றிய எண்ணெய் போய், விறைத்து வெடித்துவிடும். இங்கே பதனிட்டது செருப்புக்கும் ஷூவுக்கும் பைக்கும் உரிய தோல். ரெக்சினுக்கு மழை பொருட்டில்லை. ஆனால் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுட்டுவிடும். 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேலூரில் இதற்குக் கண்ட தீர்வு, சாலையோரக் கடைகளில் தொங்கும் நைலான் வலை உறை. இருக்கைக்கும் உடலுக்கும் நடுவே அரை அங்குலம் காற்று போக வழிவிடும் இந்தச் சாதனத்தை எந்தக் கம்பெனியும் வடிவமைக்கவில்லை. கோடையில் அதற்கு இணையான சொகுசு எதுவும் ஷோரூமில் கிடைப்பதுமில்லை.

இதற்கிடையே ஸ்கூட்டரின் சுமை வேலையை இன்னொரு வண்டி பங்கு போட்டுக்கொண்டது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 பிறந்தது. இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். சொகுசு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் இருக்கைக்கு முன்னால் மூட்டை வைக்க இடம் இருந்தது, தூக்கி நிறுத்தும் எடை, பழுதானால் யாரும் பிரிக்கலாம். 1970-களின் தொடக்கத்தில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததால், இந்த வட்டாரம் முழுப்பதன் தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் நகர்ந்தது. ஷூ வந்ததும் அப்பர்களை வீடுகளில் கையால் தைக்கக் கொடுத்து வாங்கும் முறையும் பரவியது. காலையில் வெட்டிய துண்டுகளை வீடு வீடாகக் கொடுத்து, தைத்ததை மூட்டையாகக் கட்டி எடுத்துவரும் ஏஜென்டுக்கு வேண்டியது முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. இந்தக் கணக்கில் சேத்தக்கை மொபெட் எளிதாக வென்றது. டிவிஎஸ் எக்ஸ்எல் என்று பெயர் மாறி, நான்கு ஸ்ட்ரோக்குக்கும் மாறி, அந்த வம்சம் இன்றும் ஓடுகிறது.

ஓட்டுவதில் உண்மையான திருப்பம் கைனெடிக் ஹோண்டா. 1980-களின் நடுவில் வந்த இந்த நூறு சிசி வண்டியில் கியர் இல்லை, கிளட்ச் இல்லை, பொத்தானை அழுத்தினால் கிளம்பும், ஆயிலுக்குத் தனி டேங்க். வேகம் கூடக் கூட உருளைகள் வெளிநோக்கி ஒதுங்கிக் கப்பியின் இரு பாதிகளை நெருக்கும், பெல்ட் மேலேறும், கியர் விகிதம் தானாக மாறும். ஆம்பூர் கடைத்தெருவில் நிமிடத்துக்கு நாலு தடவை நின்று கிளம்புகிறவரின் இடக்கைக்கு இதனால் ஓய்வு கிடைத்தது. கியர் பழகாதவரும் ஒரே நாளில் ஓட்டலாம் என்றானது.

இதிலும் ஒன்று போனது. அது எது என்பதைத் தோல் வட்டாரத்தின் வாசலில் நிற்கும் ஏலகிரி மலை காட்டும். பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டிருக்கின்றன. கியர் வண்டியில் இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியரில்லா வண்டியில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் மையவிலக்கு கிளட்ச் விட்டுவிடும். அப்புறம் வண்டி சும்மா உருளும். வளைவுக்கு வளைவு பிரேக் மட்டுமே துணை. டிரம் பிரேக் சூடேறி, பிடி தளர்ந்து, கருகிய வாடை வர ஆரம்பித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடத்தான் வேண்டும். இரண்டு பேரோடு இறங்குகிற கியரில்லா ஸ்கூட்டருக்கு முன் டிஸ்க் பிரேக் ஆடம்பரமில்லை என்பதை இந்தப் பதினாலு வளைவுகள் சொல்லித்தரும்.

1990-களில் மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை முந்தியது. சேத்தக் மெல்ல ஓய்ந்து 2000-களின் நடுவில் நின்றது. 2009 இறுதியில் பஜாஜ் ஸ்கூட்டரையே கைவிடுவதாக அறிவித்தது. ஓசூரில் மட்டும் வேறு காற்று வீசியது. டிவிஎஸ் ஸ்கூட்டி 1990-களின் நடுவில் இலகுவான வண்டியாக வந்து பெண்களின் வண்டியாகப் பெயரெடுத்தது. ஷூ கம்பெனிகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலை பார்க்கும் வட்டாரத்தில் அந்தப் பெயர் வெறும் விளம்பரம் அல்ல. அதே கம்பெனி பின்னர் தன் வண்டிகளில் கொண்டுவந்த, குறைந்த பலத்தில் ஏற்றக்கூடிய நடு ஸ்டாண்டு, ஒப்பீட்டுப் பட்டியல்களில் ஒரு வரியாக முடிந்துவிடும் விஷயம். நூறு கிலோ வண்டியைத் தினம் ஆறு தடவை ஸ்டாண்டு போடுகிறவரைக் கேட்டால் அதுவே முதல் வரியாக வரும்.

2001-இல் ஹோண்டா ஆக்டிவா. 102 சிசி, நான்கு ஸ்ட்ரோக், தகட்டு உடல், கியர் இல்லை. எஞ்சினைச் சக்கரத்தோடு சேர்த்துக் கீழே தள்ளியதால் இருக்கைக்கு அடியில் 18 லிட்டர் அளவுக்குப் பெட்டி கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் போனது ஸ்டெப்னி. அதற்கு ஈடாக, ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும் இரட்டை டியூப் வந்தது. பிற்பாடு டியூப்லெஸ் டயர். ஷூ ஆணியும் இரும்புத் துண்டும் சிந்திக் கிடக்கும் தெருக்களில் இது சோதனைக்கு உள்ளான ஏற்பாடு. ஸ்டெப்னி இருந்தவரை பஞ்சர் என்பது கால் மணி நேர வேலை. அது போனதும், அடுத்த பஞ்சர் கடை எங்கே என்பது நெடுஞ்சாலைப் பயணத்தின் கேள்வியாயிற்று.

ஆக்டிவாவில் இன்னொரு சங்கடம் பெட்ரோல் மூடி. அது இருக்கைக்கு அடியில் இருந்தது. பங்கில் வரிசை வந்ததும் இறங்க வேண்டும், பின்னால் இருப்பவரை இறக்க வேண்டும், ஸ்டாண்டு போட வேண்டும், சாவியைப் பிடுங்கி இருக்கையைத் திறக்க வேண்டும், இருக்கை மேல் கட்டியிருக்கும் மூட்டையை அவிழ்க்க வேண்டும். மழை பெய்தால் பெட்டிக்குள் தண்ணீர் சொட்டும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். 2010-இல் வந்த டிவிஎஸ் வீகோவும் 2013-இல் வந்த ஜூபிடரும் மூடியை வெளியே கொண்டுவந்தன. ஜூபிடரில் அது பின் விளக்குக்கு மேலே. சாவியைத் திருப்பினால் போதும், பெட்டியைத் திறக்க வேண்டாம். தொழில்நுட்பம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை, நீளமான ஒரு குழாய்தான். ஆனாலும் அந்தப் பத்தாண்டின் மிகப் பயனுள்ள ஸ்கூட்டர் வசதி அதுவே. ஹோண்டா தன் ஆக்டிவாவில் அதைச் செய்ய 2020 வரை எடுத்துக்கொண்டது. முன் சக்கரத்தைப் 12 அங்குலமாக்கியதும், டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர் போட்டதும் அதே 6ஜி வகையில்தான்.

சாமான் பெட்டியின் அளவைக் கூட்டியது சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் கெடுபிடியானது. போகுமிடமெல்லாம் கையில் தூக்கித் திரிவதா, கண்ணாடியில் மாட்டி விட்டுப் போவதா என்ற கேள்விக்கு 18 லிட்டர் பெட்டி பதில் சொல்லவில்லை. முழு முக ஹெல்மெட்டை வைத்தால் அது மூடாது. 2021-இல் வந்த ஜூபிடர் 125 பெட்ரோல் டேங்கையே கழற்றிக் கால் வைக்கும் பலகைக்கு அடியில் வைத்தது. இருக்கைக்கு அடியில் 33 லிட்டர் காலியானது, இரண்டு ஹெல்மெட் உள்ளே போயின, பெட்ரோல் முன்பக்கத்தில் நிரப்பும்படி ஆனது. எடை கீழே இறங்கியதால் மெதுவாகத் திரும்பும்போது வண்டி தள்ளாடுவதும் குறைந்தது. டேங்க் மட்டும் ஐந்து லிட்டரோடு நின்றது.

தட்டையான கால்பலகைக்கு இந்த வட்டாரத்தில் கூடுதல் மதிப்பு உண்டு. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதும், அது வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்காக உச்ச நீதிமன்றம் போய் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்ததும் அறியப்பட்ட வரலாறு. கிணற்று நீர் உப்பாகிப்போன தெருக்களில் குடிநீர் 20 லிட்டர் கேனில் வருகிறது. கேனை முழங்காலால் அணைத்துப் பிடித்து ஓட்டக் கால்பலகை தட்டையாக இருக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரும் அப்படித்தான் வீடு சேர்கிறது. அரிசி மூட்டை, அப்பர் மூட்டை, பிரியாணி அண்டா என்று பட்டியல் நீளும். பின்னால் வந்த பெரிய ஸ்கூட்டர்களில் சில இங்கே எடுபடாமல் போனதற்கு விலை மட்டும் காரணமல்ல.

பெரிய ஸ்கூட்டர் என்ற தனி இனத்தை ஜப்பானியர்கள் 1986-இல் ஹோண்டா ஹெலிக்ஸ் மூலம் மறுபடி தொடங்கினார்கள். நீண்ட உடல், தாழ்ந்த இருக்கை, காலை முன்னால் நீட்டி உட்காரும் நிலை, பின்னால் பூட்டிய டிக்கி. 1998-இல் சுசுகி 250, 400 சிசி அளவுகளில் பர்க்மேன் கொண்டுவந்தது. 2001-இல் யமஹா டிமேக்ஸ் 500 சிசிக்கு ஏற்றியது. காற்றுத்தடுப்புக் கண்ணாடி, கால் நீட்டம், பெரிய பெட்டி ஆகிய மூன்றும் இவற்றின் அடையாளம். இந்தியாவில் முதல் முயற்சியைக் கைனெடிக் செய்தது. இத்தாலியின் இட்டால்ஜெட் வடிவங்களை வாங்கி 2006-இல் 165 சிசி பிளேஸ் விட்டது. சாலை தயாராக இருந்தது. வாங்குபவர் தயாராக இல்லை. தங்க நாற்கரத் திட்டத்தில் இந்த நெடுஞ்சாலை நான்கு வழியாகி, புளியமரச் சாலையில் ஐம்பதில் போன வண்டிகள் எண்பதில் போகத் தொடங்கிய காலம் அது.

2018-இல் வந்த சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட் பெயரையும் தோற்றத்தையும் பெரிய அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு, எஞ்சினை 125 சிசி ஆக்சஸிலிருந்து எடுத்துக்கொண்டது. காலை நேராகவும் வைக்கலாம், முன்னால் நீட்டியும் வைக்கலாம், இருக்கை அகலம், பெட்டி 21.5 லிட்டர், போனுக்கு மின்சாரம் ஏற்ற வசதி. ஆனால் பின் சக்கரம் முதலில் பத்து அங்குலம். ஊருக்குள் தெரியாத குறை பாலத்து இணைப்புகளில் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். 2022-இல் ஈஎக்ஸ் வகையில் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். 2020 இறுதியில் வந்த ஏப்ரிலியா எஸ்எக்ஸ்ஆர் 160 இரண்டும் பன்னிரண்டு அங்குலம், ஏபிஎஸ், ஏழு லிட்டர் டேங்க் என்று நெடுஞ்சாலைக்குப் பொருத்தமாக அமைந்தது. 2021-இல் வந்த யமஹா ஏராக்ஸ் 155 இன்னும் ஒரு படி மேலே போய் 14 அங்குலச் சக்கரம், தண்ணீரால் குளிரும் எஞ்சின், 24.5 லிட்டர் பெட்டி எல்லாம் தந்தது. அதற்கு ஈடாகக் கால் வைக்கும் இடத்தின் நடுவே முதுகெலும்புபோல் ஒரு மேடு எழும்பியது. டேங்க் அதற்குள். ஓட்டத்துக்கு உறுதி சேர்க்கும் மேடுதான். ஆனால் தண்ணீர் கேனுக்கு இடமில்லை, சேலை உடுத்தியவருக்கு ஏற வழியில்லை.

இந்த மூன்றையும் வேலூரிலிருந்து பெங்களூரு போகும் ஒருவர் எடைபோட்டால், 125 சிசியின் சொகுசு எண்பதைத் தொடும்போது தீர்ந்துபோகும் என்பதுதான் முதலில் தென்படும். லாரியை முந்த முறுக்கு மிச்சமிருக்க வேண்டும். கால் நீட்டும் இடம் அதற்கு மாற்றல்ல. உட்காரும் இடத்தின் சுகத்தில் பர்க்மேனும், நிதானத்தில் ஏராக்ஸும், டேங்கின் அளவில் ஏப்ரிலியாவும் முன்னே நிற்கின்றன. மூன்றும் ஒரே வண்டியில் கூடவில்லை. எல்லாம் கூடிய வண்டி என்று 2021 அக்டோபரில் பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி ஒன்பது லட்சத்து தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. அதன் வசதிப் பட்டியலில் சூடேற்றும் இருக்கையும் உண்டு. மே மாத வேலூரில் அந்த வேலையை ரெக்சின் இருக்கை அறுபது ஆண்டுகளாகக் காசு வாங்காமல் செய்துவருகிறது.

மின்சார ஸ்கூட்டர் வந்ததும் இடக்கணக்கே மாறியது. எஞ்சினும் டேங்கும் புகைக்குழாயும் பெல்ட் பெட்டியும் கழன்றன. பேட்டரி ஒன்று மட்டும் இடம் கேட்டது. இந்த மாற்றத்தின் மையம் தோல் வட்டாரத்துக்கு இரு பக்கமும் அமைந்தது. மேற்கே ஓசூரில் ஏதரும் டிவிஎஸ் ஐக்யூபும், போச்சம்பள்ளி அருகே ஓலாவும். கிழக்கே ராணிப்பேட்டையில் 2021 நவம்பரில் திறந்த கிரீவ்ஸ் ஆலையில் ஆம்பியர். 2008-இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர், டேனரிக்கும் ரசாயனத்துக்கும் பேர்போன ஊரில் வந்து நிலைகொண்டது. 2024-இல் வந்த ஏதர் ரிஸ்டா இருக்கைக்கு அடியில் 34 லிட்டரும் முன்னால் 22 லிட்டரும் சேர்த்து 56 லிட்டர் இடம் தந்தது. பின்னோக்கி நகரும் வசதி பல வண்டிகளில் வந்தது. சந்தை நாளில் சரிவான இடத்தில் நெருக்கி நிறுத்திய வண்டியை வெளியே எடுப்பவருக்குத் தொடுதிரையைவிட இது பெரிது.

இங்கும் போனது உண்டு. பெட்ரோல் வண்டி ஐந்து லிட்டரில் இருநூறு கிலோமீட்டர் போகும். தீர்ந்தால் இரண்டு நிமிடத்தில் நிரப்பலாம். பேட்டரி தீர்ந்தால் நேரம் கேட்கும். கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் மின்சாரம் ஏற்றும் பேட்டரியா, வண்டியோடு நிலையாகப் பொருத்திய பேட்டரியா என்பது சொந்த வீடு, வாடகை மாடி என்ற வேறுபாட்டோடு சேர்ந்தே முடிவாகிறது. நிலையாகப் பொருத்தினால் கீழே வைக்கலாம், பெட்டி பெரிதாகும். கழற்றும்படி வைத்தால் பெட்டியைத்தான் அது சாப்பிடும். 2020-இல் மின்சார வண்டியாக மறுபிறவி எடுத்த சேத்தக் இந்தக் கணக்கைச் சில ஆண்டுகள் போட்டுப் பார்த்தது. 2024 டிசம்பரில் வந்த அதன் 35 வரிசையில் பேட்டரி கால்பலகைக்கு அடியில் இறங்கியது. இருக்கைக்கு அடியில் 35 லிட்டர் கிடைத்தது. 1972-இன் சேத்தக்கில் இடப்புற டிக்கிக்குள் ஸ்பேனரும் ப்ளக்கும் வைத்த பிறகு ஒரு துண்டு வைக்கும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது. புதியதில் இரண்டு ஹெல்மெட்டும் ஒரு வார மளிகையும் வைக்கலாம். கழற்றித் துடைக்க ப்ளக் இல்லை, மாற்றிப் போட ஸ்டெப்னியும் இல்லை.